கணக்கில் ஒளியும் களவு

(கடலூர், சிதம்பரம் கிளைச் சங்கங்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கன்னமிட்டுத் திருடுவோனுக்கு அவன் உடைத்த பூட்டே எதிர்ச்சாட்சி. பேனாவினால் திருடுவோன் பூட்டை உடைப்பதில்லை. சாவியை நாமே நம்பிக் கொடுத்துவிடுகின்றோம். மதிப்பும் பதவியும் உடையோர் தம் தொழிலினூடே செய்யும் இக்குற்றத்திற்கு, 1939ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வின் சதர்லாந்து ‘வெள்ளைக் காலர் குற்றம்’ எனப் பெயரிட்டார். பெயர் புதிது, வினை பழையது.

சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்னும் ஆங்கிலேய வணிக நிறுவனம் இருந்தது. அதன் பெயரை நம்பிப் பலரும் தம் சேமிப்பை அங்கே வைத்தனர். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அது முறிந்தது. கடனில் மூழ்கியிருந்த நிலையை மறைத்து வைப்புத்தொகை வாங்கியது பின்னர் வெளிப்பட்டது. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அம்முறிவின் பயனாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. அதன் தொடக்ககால இயக்குநருள் ஒருவர், சிதம்பரத்தில் இன்றும் தம் பெயரால் பள்ளி விளங்கும் இராமசாமிச் செட்டியார்.

இத்தகைய களவைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? முதலில் பேரேடு, ரசீது, கணினிப் பதிவு ஆகியவை அழிக்கப்படாதபடி கைப்பற்றப்படும். பின்னர் உள்ளே எழுதியதை வெளியார் சான்றோடு ஒப்பிடுவர். ஏட்டிலுள்ள பணம் வங்கியில் உண்டா? விற்றதாகக் காட்டிய சரக்கை வாங்கியவர் எவர்? இறுதியில் பணம் யார் கைக்குச் சென்றதென்று தொடர்வர். ஐதராபாத்தின் சத்யம் கம்பெனித் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்கில் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணமென்று 2009 ஜனவரி 7ஆம் நாள் தாமே எழுதிக்கொடுத்தார். தணிக்கையாளர் வங்கிகளை நேரே கேட்டு முறைப்படி சரிபார்த்திருப்பின், அப்பொய் அத்தனை ஆண்டு நிலைத்திராது.

நம் மாநிலத்தில் வைப்பாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. புகாரை விசாரிக்கப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவலர் உளர். ஆயினும் ரசீதின்றிக் கொடுத்த பணத்தை மெய்ப்பிப்பது அரிது.

கடலூர் முதுநகரில் மண்டி வைத்திருப்போரும் சிதம்பரத்தில் கடை நடத்துவோரும் ‘நம்மவர்தானே’ என்று சீட்டுப் பணம் கட்டுவதை நான் அறிவேன். வஞ்சகன் தேடுவதும் அந்தச் சொல்லையே. உறவு கல்யாணத்திற்கும் துக்கத்திற்கும் துணை, கணக்கிற்கு ஈடாகாது. ஆதலின் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றேன். நம் சங்கக் கல்வி நிதியை ஆண்டுதோறும் நம் குலத்தைச் சாராத தணிக்கையாளர் ஒருவர் பார்வையிட்டு, வங்கியிலிருந்து நேரே சான்று பெற்று, இப்பத்திரிகையில் வெளியிடல் வேண்டும். நம் பிள்ளைகளுள் சிலரேனும் கணக்காய்வும் குற்றப் புலனாய்வும் கற்க அந்நிதி உதவல் வேண்டும்.

கணக்குக் கேட்பது நிர்வாகிகளை அவமதிப்பதாகாது. நேர்மையாளருக்கு அதுவே காப்பு. இதனைத் தீர்மானமாக ஏற்குமாறு வேண்டி அமர்கின்றேன்.