கோலாலம்பூருக்கு எத்தனை எழுத்து?



கோலாலம்பூர் என்ற சொல்லைத் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணினால் ஆறு எழுத்து. யூனிகோடு முறையில் கணினி எண்ணினால் பதினொன்று. முதலில் நிற்கும் ‘கோ’வின் கொம்பையும் காலையும் யாராவது தனித்தனிக் குறியீடுகளாகச் சேமித்திருந்தால் பன்னிரண்டு. திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் பதினொன்றைத் தேடும் நிரலுக்குப் பன்னிரண்டு அகப்படாமல் போகும்.

‘சொல்லின் நீளத்தைத் தரும்’ என்று ஒரு கருவியின் குறிப்பு சொன்னால், எந்த நீளம்? இதுவரை அந்தக் கேள்வி பெரிய தொல்லையாக இருந்ததில்லை. நிரலாளர் இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பார், பக்கத்து மேசையில் கேட்பார். இப்போது கருவியை எடுத்துக் கையாளுவது செயற்கை நுண்ணறிவு முகவர். இட்ட வேலையைத் தானே படிப்படியாக முடிக்கப் பார்க்கும் இந்த மென்பொருளுக்குப் பக்கத்து மேசை கிடையாது. முகவரைக் கருவிகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் வெளியான எம்சிபி நெறிமுறையில், கருவியின் பெயர், அதன் விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் வரையறை ஆகியவை முகவரின் கைக்கு வருகின்றன. அவற்றை வைத்தே எந்தக் கருவியை எடுப்பது, என்ன கொடுப்பது என்று அது முடிவு செய்கிறது.

கருவிக் குறிப்புகளைப் பற்றிப் பேச, நாம் கூடியிருக்கும் கோலாலம்பூர் ஏற்ற இடம். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966-இல் கூடியது இங்கேதான். 2001-இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே கூடியது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை கையில் இருந்தால் பழைய கோப்பை மாற்றி மீட்கலாம். அட்டவணை இல்லையென்றால் திரையில் பொருளற்ற குறிகள்தான். ஆவணம் இல்லாத கருவி என்ன செய்யும் என்று தமிழ்க் கணிமை பட்டுத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

இன்றைக்கு, கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். கேடிஎம் ரயில், பிரசரானா பொதுப் போக்குவரத்துச் சேவைகளின் கால அட்டவணைகளை மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம், ஜிடிஎஃப்எஸ் என்ற போக்குவரத்துத் தரவு வடிவில் தருகிறது. யாரும் எடுத்துக் கருவி செய்யலாம், பாராட்டத்தக்க ஏற்பாடு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரவு வேலை முடித்த ஒரு பெண், “கிள்ளானுக்குக் கடைசி ரயில் எப்போது?” என்று கைப்பேசியில் ஒரு முகவரிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரில் ரயில் நிலையம் இல்லை. அவர் ஏற வேண்டியது கேஎல் சென்ட்ரலில். ‘கிள்ளான்’ என்று தேடினால் கிள்ளான் நிலையமும் வரும், தடத்தின் கடைசியில் உள்ள பெலாபுஹான் கிள்ளானும் வரும். சாலைப் பெயர்களையும் சேர்த்துத் தேடும் கருவி என்றால் கோலாலம்பூரிலேயே இருக்கும் பழைய கிள்ளான் சாலையும் வந்து நிற்கும்.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஜிடிஎஃப்எஸ் முறையில் நள்ளிரவைத் தாண்டும் பயணத்தின் நேரம் 25:10:00 என்று எழுதப்படலாம். முந்தைய சேவை நாளின் தொடர்ச்சியாக, விடியற்காலை 1:10 என்பது அதன் பொருள். குறிப்பில் இந்த ஒரு வரி விடுபட்டால், முகவர் அதைப் பிழையான நேரம் என்று தள்ளிவிட்டு “ரயில் இல்லை” என்று சொல்லக்கூடும். அதை நம்பி அந்தப் பெண் நிலையத்தை விட்டு வெளியே நடப்பார். வண்டி இப்போது எங்கே ஓடுகிறது என்று காட்டும் தரவு, அது எப்போது வந்து சேரும் என்று சொல்லாது. இதையும் எழுதி வைக்க வேண்டும்.

பெயர் இன்னும் நெருக்கமான விஷயம். மலேசியத் தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே மகன் என்பதைக் குறிக்கும் ‘அ/லெ’ அல்லது மகள் என்பதைக் குறிக்கும் ‘அ/பெ’ நிற்கும். ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று மட்டும் சொல்லும் கருவியிடம் முகவர் தந்தை பெயரைக் கொடுத்துவிடும். சாய்கோட்டை ஏற்காத கருவி அதை நீக்கிவிட்டால் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு பதிவு ஒத்துவராது. அலைவது பெயருக்கு உரியவர். குறிப்பு எழுதியவருக்கு அது தெரியவும் வராது.

நல்ல குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. எதற்குப் பயன்படுத்தக் கூடாது, எது தரவை அழிக்கும், எது படிக்க மட்டும் செய்யும் என்று தெளிவாகச் சொன்னால் போதும். பிழைச் செய்தியும் ஆவணம்தான். ‘தவறான உள்ளீடு’ என்றால் முகவர் அதே தவற்றைத் திரும்பச் செய்யும். ‘நிலையத்தின் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் வேண்டும்’ என்றால் திருத்திக்கொள்ளும்.

இந்த அவையில் கருவிகளைக் காட்ட வந்திருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். நிரலைக் காட்டுவதற்கு முன் குறிப்பைக் காட்டுங்கள். அதை மட்டும் ஒரு முகவரிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்போம்: கோலாலம்பூருக்கு எத்தனை எழுத்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கடைசி ரயில் எது, ‘அ/பெ’ உள்ள பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது. விடை எங்கே பிசகுகிறதோ அந்த வரியை இங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுதுவோம். மதிய அமர்வு முழுவதும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.