கையெழுத்தின் சாயலும் கையொப்பத்தின் உண்மையும்



மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதைப் பட்டும் சரிகையும் கலந்து வாழ்வு நடத்தும் ஆரணிக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வெள்ளியிழையில் பொன்முலாம் பூசிய சரிகையும், போலிச் சரிகையும் சேலையின் கரையில் ஒன்றுபோல் ஒளிர்கின்றன. வேறுபாட்டை உரைப்பது கண்ணன்று, சோதனையே ஆகும். பட்டின் தூய்மைக்குச் சான்றாகச் 'சில்க் மார்க்' முத்திரை 2004ஆம் ஆண்டு வந்ததும் இக்காரணம் பற்றியே.

இன்று மின்னஞ்சலின் அடியிலும் ஒரு சரிகை நெய்யப்படுகிறது. கையெழுத்தைப் போலச் சாய்ந்தும் வளைந்தும் ஓடும் எழுத்துருவில் பெயரைப் பொறித்து, அதனையே கையொப்பம் எனக் கருதும் வழக்கம் பரவியுள்ளது. இது கையொப்பம் ஆகுமா?

தமிழ்க் கல்வெட்டுகளில் ஆவணத்தை உறுதிசெய்தோர், அது தம் எழுத்து என்று கூறி முடித்தனர். எழுத அறியாதோர் இட்ட கீறலுக்குத் 'தற்குறி' என்று பெயர். அக்கீறலில் அழகில்லை; ஆனால் அதன் பின்னே ஓர் ஆள் நின்றார். ஒப்பத்தின் உயிர் வடிவில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது.

எழுத்துருவிலோ அந்த ஆள் இல்லை. ஒரே எழுத்துருவைத் தேர்ந்த ஆயிரவர்க்கும் ஒரே கை. பிறர் பெயரையும் எவரும் அதிற் பொறிக்கலாம். பெறுபவரின் கணினியில் அவ்வுரு இல்லையெனில், வளைவெல்லாம் மறைந்து வெற்றெழுத்தே எஞ்சும். படமாக ஒட்டினாலோ, படத்தைப் பிறர் நகலெடுக்கலாம். பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதனைப் படிக்க இயலாது தடுமாறும்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எழுத்தின் வளைவைப் பொருட்படுத்தவில்லை. அச்சட்டம் கூறும் எண்மக் கையொப்பம் கணக்கியல் பூட்டினால் அமைவது. உரிமம் பெற்ற அமைப்பு ஒப்பமிட்டவருக்குச் சான்றளிக்கிறது. ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் சோதனையில் வெளிப்பட்டுவிடும். பட்டுக்கு முத்திரை எவ்வாறோ, ஆவணத்துக்கு அவ்வாறு இது.

மற்றோர் இழப்பும் உண்டு. கையெழுத்துச் சாயல் கொண்ட எழுத்துருக்களில் மிகப் பல உரோமன் எழுத்துக்கே உரியவை. அவற்றில் தமிழ்ப்பெயரை இட்டால் வளைவு வாராது. ஆகவே அழகை வேண்டுவோர் தமிழை விட்டு ஆங்கிலத்தில் ஒப்பமிடுகின்றனர். அரசு ஊழியர் தமிழிலேயே கையொப்பமிட வேண்டும் என 1978இலும், முன்னெழுத்தும் தமிழில் அமைய வேண்டும் என 2021இலும் ஆணையிட்ட மாநிலத்தில், ஓர் எழுத்துருவின் குறை பெயரின் மொழியை மாற்றலாமா? இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீசு வடித்த 'கவிவனார்' கையெழுத்துச் சாயலைத் தமிழுக்கு வழங்கியுள்ளது. அத்தகைய முயற்சிகள் பெருகுதல் வேண்டும்.

அழகு விலக்கத்தக்கதன்று. வாழ்த்து மடலில் அது மலரட்டும். ஆனால் கொடுக்கல் வாங்கலில், யாவரும் படிக்கத்தக்க ஒருங்குறித் தமிழில் பெயர் விளங்கட்டும். கட்டுப்படுத்தும் ஆவணத்தில் சோதித்தறியத்தக்க ஒப்பம் அமையட்டும். சரிகையைச் சோதித்து வாங்கும் ஊர், ஒப்பத்தையும் சோதித்தே ஏற்பதாக.