பழைய டிராக்டருக்கு எந்த ஆயில்?

(தியாகராய நகரில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னோடு விடுதிச் சாம்பாரைச் சகித்துக்கொண்ட நண்பர்களே!

பாண்டி பஜார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டிராக்டர் ஆயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நம் காரியதரிசி கேட்டார். இந்தத் தியாகராய நகரே ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர்தானே, சேறு நமக்குப் புதுசில்லை என்றேன். விட்டுவிட்டார்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பா வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 இன்றும் அங்கே உழுகிறது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. உள்ளே மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின்.

சில வருஷங்களுக்கு முன், ஆவணியில் ஊருக்குப் போனேன். அருமையான சின்தெடிக் ஆயில் என்று, பெட்ரோல் காருக்குப் போடுகிற 5டபிள்யூ-30 டின்கள் இரண்டை இங்கிருந்தே தூக்கிக்கொண்டு போனேன். டிரைவர் அண்ணன் தயங்கினார். "தம்பி, இதுக்கு வழக்கமா 15-40 தானே ஊத்துவோம்?" என்றார். "நான் மெக்கானிகல் படிச்சவன், ஊத்துங்கண்ணே" என்றேன். ஊற்றினார்.

காலையில் வண்டி பூவாய்க் கிளம்பியது. பத்து மணிக்கு எஞ்சின் சூடேறியதும் ஆயில் பிரஷர் முள் இறங்கியது. நான் அதற்குள் ரயிலேறிவிட்டேன். போனில் சொன்னார்கள், "ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்றேன். மூன்றாம் நாள் 'டக் டக்' என்று சத்தம். பேரிங் போச்சு, கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சம்பா உழவுக்கு வாடகை வண்டி. தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு; மன்னார்குடிக்கு அதனால் பெரிய பிரயோஜனமில்லை. பின்னால் உள்ள எண்தான் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்கிறது. 100 டிகிரியில் அளப்பார்கள். தேய்ந்த பேரிங்கில் இடைவெளி அதிகம்; 30 அதில் வழிந்தோடிவிடும், 40 தாங்கும்.

டின்னில் ஏபிஐ குறியையும் பாருங்கள். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, 'சி' என்றால் டீசலுக்கு. பழைய கையேட்டில் சிடி என்று போட்டிருக்கும். அந்தத் தரம் எப்போதோ காலாவதி. அதற்குப் பதிலாக சிஎஃப்-4, சிஹெச்-4, சிஐ-4 எதையும் போடலாம். ஒரு காலத்தில் நம் டீசலில் கந்தகம் ஏராளம். எரிந்து அமிலமாகும், அதை முறிக்கிற காரம் ஆயிலில் நிறைய வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து 10 பிபிஎம் டீசல்தான், அந்தக் கவலை குறைந்தது. ஆனால் கரி குறையவில்லை. நல்ல ஆயில் கரியைத் தன்னோடு சுமப்பதால்தான் சீக்கிரம் கறுக்கிறது. கறுத்தால் பயப்படாதீர்கள், பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அளவுக்கோலில் மட்டம் ஏறினால் டீசல் இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

புகைக்குதே என்று 90 கியர் ஆயிலை எஞ்சினில் ஊற்றுகிறவர்கள் உண்டு. 90 என்ற எண்ணைப் பார்த்து ரொம்பக் கெட்டி என்று நினைக்காதீர்கள். கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு, எஞ்சின் ஆயில் 40, 50 அளவுதான் வரும். கரியைக் கழுவுகிற மருந்து அதில் இல்லை, அதுதான் தப்பு.

வெகுநாள் மட்டமான ஆயிலில் ஓடிய வண்டிக்கு நல்லதை ஊற்றினால், உள்ளே படிந்த கசடு கரைந்து ஃபில்டரை அடைக்கும். முதல் இரண்டு தடவை ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். காற்று வடிகட்டியின் கிண்ணத்திலும் ஆயில் உண்டு என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம். புழுதி உழவில் அதைத் தினமும் பாருங்கள்.

இப்போது எங்கள் வண்டியில் 15டபிள்யூ-40, சிஹெச்-4. டிரைவர் அண்ணனே வாங்கி வருகிறார். பில்லை மட்டும் எனக்கு அனுப்புகிறார்.