நெடுநல்வாடையின் விசிறியும் நம் வீட்டு மிக்சியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'இல்லமும் கருவியும்' என்னும் பொருளில் என்னைப் பேசப் பணித்திருக்கிறீர்கள். இன்று காலை நிகழ்ந்த கவியரங்கை முழுவதும் இருந்து கேட்டேன். அம்மியும் ஆட்டுக்கல்லும் முறமும் திண்ணையும் பல கவிதைகளில் வந்தன, ஏக்கத்தோடு வந்தன. மிக்சி ஒரே ஒரு முறை வந்தது. அதுவும் இரைச்சலுக்கு உவமையாக வந்தது. இங்கே கவிதை படித்தவர் அனைவர் வீட்டிலும் காலையில் சட்னி அரைத்தது மிக்சிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வீட்டில் இடம்பெற்ற கருவி கவிதையில் இடம்பெறாமற் போவது ஏன்? இதுவே என் உரையின் கேள்வி.

பழைய இலக்கியம் இப்படி நாணியதில்லை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. அதன் முற்பகுதியை ஒரு வீட்டுப் பொருட்பட்டியல் என்றே சொல்லலாம். கூதிர்க்காலம் வந்துவிட்டது. கைத்திறன் மிக்க தொழிலாளி செய்த வட்டவிசிறியைச் சுருக்கி முளையில் மாட்டிவிட்டார்கள். அதன்மேல் சிலந்தி நூல் சுற்றிக் கிடக்கிறது. வடநாட்டார் கொணர்ந்த வட்டக்கல் சந்தனம் அரைக்கப்படாமல் ஓய்ந்திருக்கிறது. தென்றலுக்காகத் திறந்துவைத்த மாடத்துக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாய்க் குடத்துத் தண்ணீரை விடுத்து, அகன்ற வாயுடைய தடாவில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். அரண்மனைக்குள் சென்றால், யவனர் செய்த பாவை விளக்கு நெய் நிறைந்த அகலைக் கையில் ஏந்தி நிற்கிறது. கடல்கடந்து வந்த கருவியைப் பாட்டில் வைப்பதால் தமிழ் குறைந்துபோகும் என்று நக்கீரர் அஞ்சவில்லை.

அவர் பட்டியலோடு நிற்கவுமில்லை. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தால் கால் அமைத்த கட்டிலில் அரசி கிடக்கிறாள், ஆனால் உறக்கமில்லை. இத்தனை வசதிகளுக்கு நடுவே அவள் கண்ணீரைத் துடைக்க ஒரு கருவியும் இல்லை. வசதி வேறு, அமைதி வேறு என்பதைக் கருவிகளைப் பழிக்காமலே உணர்த்திவிட்டார் புலவர். தென்காசியில் வாழும் நமக்கு இப்பாட்டு இன்னும் நெருக்கமானது. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று புகுந்து, குற்றாலத்துச் சாரல் நம் தெருவரை வரும் நாள்களில் நம் வீட்டு மின்விசிறியும் ஓய்கிறது. அதன் இறக்கைகளில் சிலந்தி கட்டிய நூலை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நம்முள் எவரும் பாடவில்லை.

இனி உரலுக்கும் உலக்கைக்கும் வருகிறேன். குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் யானைக் கோட்டையே உலக்கையாகவும், சேம்பின் இலையையே சுளகாகவும் கொண்டு, பாறையுரலில் மூங்கில் நெல்லைக் குற்றிப் பாடுகிறார்கள். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் வள்ளைப்பாட்டு இருக்கிறது. மணிவாசகர் அந்த உலக்கைப் பாட்டையே இறைவழிபாடாக உயர்த்தித் திருப்பொற்சுண்ணம் என்று 20 பாடல்கள் அருளினார். உழைப்பின் மூச்சு யாப்பாக மாறியதற்கு இவை சான்று. இவற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நெகிழ்கிறது.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பாட்டு, தோள்வலியை மறக்கப் பிறந்த பாட்டு. பாட்டு வேண்டும் என்பதற்காக வலியைத் திரும்ப அழைப்பது நேர்மையாகாது. அம்மிக்காக இரங்கும் கவிதைகளுள் பெரும்பாலானவை அம்மியில் அரைத்த துவையலை உண்டவர்கள் எழுதியவை. அரைத்தவர்கள் எழுதியிருந்தால் அவற்றின் ராகம் வேறாக இருந்திருக்கும்.

நம் மண்ணின் வரலாற்றையே பாருங்கள். தாமிரபரணி நீர் பாபநாசத்தில் மின்சாரமாகத் தொடங்கியது 1944இல். ரசிகமணி டி.கே.சி. மறைந்தது 1954இல். திருநெல்வேலியில் வட்டத்தொட்டியாகத் தொடங்கிக் குற்றாலத்தில் தொடர்ந்த அவருடைய சுவைஞர் கூட்டத்துக்கு ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். கவிதையைப் போலவே அவர் விருந்தோம்பலும் பேசப்பட்டது. அக்காலத்து எந்த இலக்கிய விருந்துக்கும் மாவரைத்தவை பெண்களின் கைகள். மறு ஆண்டு, 1955இல், கோவையில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் சுழலும் கிரைண்டரை உருவாக்கினார். கையால் சுற்றிய குழவி ஓரிடத்தில் நிலைக்க, அதுவரை நிலைத்திருந்த உரல் சுழலத் தொடங்கியது. தொழில்நுட்ப அளவில் இது சிறிய மாற்றம். ஒவ்வொரு மாலையும் ஆட்டுக்கல்லின்முன் கால்மடக்கி அமர்ந்த பெண்ணுக்கோ அது ஒரு மணி நேரத்தின் விடுதலை. தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியையும் குறிக்கவேண்டும் என்பது என் துணிபு. பெண்கள் எழுதுவதற்குக் கல்வி எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது ஓய்வு. அம்பை 1988இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்றே தலைப்பு. அந்த மூலையைப் பற்றி எழுதவும் அந்த மூலையிலிருந்து சற்றே எழுந்து வரவேண்டியிருக்கிறது.

தமிழக அரசு 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் வந்தது. இவற்றின் அரசியலை அரசியல் மேடைகள் பேசட்டும். நான் கவனிப்பது வரிசையை. ஏழை வீடுகள் பலவற்றில் பொழுதைப் பிடித்துவைக்கும் கருவி முதலில் நுழைந்தது. பொழுதை மீட்டுத்தரும் கருவி பிறகு நுழைந்தது.

கருவிகளை நான் இப்படித்தான் இருவகையாகப் பிரிக்கிறேன். மிக்சி, கிரைண்டர், குக்கர், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை வேலையை முடித்ததும் நின்றுவிடும். குக்கர் மூன்று முறை கூவி அடங்கும். மேலும் ஏதாவது சமைக்கிறாயா என்று கேட்பதில்லை. தொலைக்காட்சியும் செல்பேசியும் தாமாக நிற்பதில்லை. ஒன்று முடிந்தால் அடுத்ததை நீட்டும். கிரைண்டர் தந்த ஒரு மணி நேரத்தைச் செல்பேசி ஓசையின்றி வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பாடிய கவிதை எதையும் நம் மன்றத்தில் நான் இன்னும் கேட்கவில்லை.

செல்பேசியை வெறுப்பவள் அல்லள் நான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களை மின்னெழுத்தில் ஏற்றிவைத்ததால், சுரண்டையிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் வரும் மாணவியர் பேருந்திலேயே கலித்தொகையைத் திறக்கிறார்கள். புத்தகம் வாங்க இயலாத பிள்ளைகளுக்கு இது பெருங்கொடை. அருகிலுள்ள மத்தளம்பாறையில் இருந்தபடியே உலகுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். கருவி நம் வாசலுக்கே வந்துவிட்டது. அதை வெளியே நிறுத்திக் கதவடைப்பது பேதைமை. என் குறை வேறு. டி.கே.சி. கவிதையைச் செவிக்கு உரியதாகக் கருதினார். ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளம் கேட்போர் நெஞ்சில் இறங்கும்வரை காத்திருப்பார். இன்று நம் கூட்டத்தில் ஒருவர் கவிதை படிக்கும்போதே மற்றவர் கைபேசியில் அதைப் படமெடுத்துக் குழுவில் அனுப்பிவிடுகிறார். பாராட்டுக் குறிகளும் வந்துவிடுகின்றன. கவிதையை அனுப்பியவர் உண்டு, பாராட்டியவர் உண்டு, கேட்டவர் யார்?

நிறைவாக, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது கவிஞர்களுக்கு. நம் வீட்டில் உள்ளதைப் பாடுங்கள். மிக்சி என்ற சொல் யாப்பில் அமரும். 'மின்னம்மி' என்று மாற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை. புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் அக்கருவி யாருடைய நேரத்தைக் கொடுக்கிறது, யாருடைய நேரத்தை எடுக்கிறது என்று பார்த்துப் பாடுங்கள்.

இரண்டாவது, கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரம் செல்பேசிகள் வாயிலில் உள்ள மேசைமீது உறங்கட்டும்.

மூன்றாவது எனக்கு முதன்மையானது. பத்து ஆண்டுகளாக நம் கூட்டம் மாலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. அந்த வேளையில் தென்காசியின் எந்த வீட்டிலும் அடுக்களையில் வேலை இருக்கும். கூட்டத்துக்கு வரும் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருப்பதற்கு இலக்கிய ஆர்வக்குறைவைக் காரணம் சொல்லாதீர்கள். கூட்டத்தை ஞாயிறு முற்பகலுக்கு மாற்றுங்கள். மாற்ற இயலாதெனின், அன்று மாலை மட்டும் கிரைண்டரை நீங்கள் போடுங்கள். அந்தக் கருவிக்கு ஆண்கை பெண்கை என்ற வேறுபாடு தெரியாது. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் போட்டு, தண்ணீர் தெளித்துத் தள்ளிக்கொண்டிருந்தால் போதும். மாவு தானே பொங்கிவரும். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் இங்கே வந்து அமர்வார். அடுத்த பத்தாண்டு மலரில் அவருடைய கவிதையும் இருக்கட்டும்.