கைலியை யார் கட்டிவிடுவது?

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்ட ஒரு மீனவர். கோவளத்திலோ நெம்மேலியிலோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது. ஆனால் விடிந்ததும் கைலி கட்ட முடியவில்லை. மனைவி கட்டிவிடுகிறார். சட்டையையும் அவரே மாட்டிவிடுகிறார், சோற்றையும் ஊட்டிவிடுகிறார். பாசம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சில மாதங்களில் அந்த மனிதர், தானாகச் செய்யக்கூடியதையும் விட்டுவிடுகிறார்.

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி வேலை செய்வது இந்த இடத்தில்தான். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கைலியின் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிட்டால் முடிச்சே தேவையில்லை. கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி நழுவாது. விரலில் கொஞ்சம் அசைவு திரும்பியதும் வலை பின்னும் ஊசியைக் கொடுத்துப் பார்க்கலாம். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் சலித்துக்கொள்கிறவர், கிழிந்த வலையைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார்.

யாருக்கு எது சரிப்படும் என்று சோதித்து முடிவு செய்பவர் தெரபிஸ்ட். ஆனால் அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் வாராவாரம் வர முடியுமா? வந்து, பக்கத்தில் நின்று, அவசரப்படாமல் செய்ய வைப்பவர் உதவியாளர். அமெரிக்காவில் இதற்கென்றே இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் வேலை. சிகிச்சைத் திட்டத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் குளியலறை நிலைப்படி எவ்வளவு உயரம், தண்ணீர்க் குடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் படும். அதை அவர் போய்ச் சொன்னால்தான் திட்டமும் திருந்தும்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய் நிறுவனம் இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கானது. நாவலூரிலிருந்து பார்த்தால் அது காயலுக்கு அக்கரைதான். ஆனால் கழுத்து நிற்காத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஓ.எம்.ஆர். நெரிசலில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து கோவளம் சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். எத்தனை வாரம்தான் ஒரு தாய் அப்படிப் போவார்?

வீட்டுக்கே மருத்துவம் போக வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும், இயன்முறை மருத்துவர்களும், செவிலியர்களும் வீடு வீடாகப் போனார்கள். நல்ல ஏற்பாடு. ஆக்குபேஷனல் தெரபிக்கு மட்டும் அதில் தனி ஆள் வைக்கவில்லை.

ஆள் வைத்தால் என்ன நடக்கும் என்பதைத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் பார்க்கலாம். எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-இல் தொடங்கியது அமர் சேவா சங்கம். அங்கே பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் கிராமங்களுக்குப் போய், வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். தெரபிஸ்ட்கள் அவர்களை வழிநடத்துகிறார்கள். செய்ததெல்லாம் கைப்பேசிச் செயலியில் பதிவாகிறது. தாயும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்கிறார். அவர் கற்றுக்கொள்வதுதான் பாதி வைத்தியம் என்பேன்.

பிளஸ் டூ முடித்த பெண்கள் நாவலூர், படூர், தையூர் பக்கம் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பயிற்சி தந்து, தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் வைத்து, பதவிக்கு ஒரு பெயரும் மாதச் சம்பளமும் கொடுத்தால் இது நடக்கும். தன்னார்வம், சேவை என்று சொல்லி ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொண்டால் நடக்காது. வருகிறவர்கள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும் நாளில், மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது ஆகிய மூன்றையும் அவர் தானே செய்ய என்ன வழி என்று கேட்டு, அங்கேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.