கொடுத்த பணமும் நீங்காத பற்றும்

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் ஓர் அம்மையார் தம் வீட்டின் கூரையைப் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரருக்குப் பேசிய தொகை முழுவதையும் கொடுத்துப் பற்றுச்சீட்டும் பெற்றாயிற்று. சில வாரங்களின் பின், அவர் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து கடிதம் வருகிறது. கூரை வேய்ந்த உப ஒப்பந்தக்காரர் அவர். தமக்குரிய பணம் வந்து சேரவில்லை என்றும், ஆகவே அந்த வீட்டின்மீதே பற்றுரிமை கோரிப் பதிவகத்திற் பதிந்துவிட்டதாகவும் எழுதுகிறார். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேனே என்று அம்மையார் கூறுவது அங்கே தக்க விடையாகாது. பற்றுரிமை பதிவில் இருக்கும்வரை வீட்டை விற்பதும் ஈடு வைப்பதும் கடினம்.

இது பழைய சட்டம். 1791 இல், புதிய தலைநகராகிய வாஷிங்டன் எழத் தொடங்கிய காலத்தில், மேரிலாந்துச் சட்டமன்றம் முதன்முதலாக இதனை இயற்றியது. கூலி கிடையாதோ என்ற ஐயமின்றிக் கைவினைஞர் வேலைக்கு வரவேண்டும் என்பதே நோக்கம். அதில் நியாயம் இல்லாமலில்லை. விலை வராவிட்டால் விற்ற மாட்டைத் திரும்ப ஓட்டிச் செல்லலாம். வேய்ந்த கூரையைப் பிரித்துச் செல்ல முடியுமா? எனினும் இடைநின்றவர் செய்த தவற்றுக்கு வீட்டுக்காரர் இருமுறை பணங் கொடுக்க நேர்வது கொடுமையே.

அம்மையார் செய்யவேண்டியது என்ன? முதலில் நாட்களை எண்ணவேண்டும். உப ஒப்பந்தக்காரர் வேலை தொடங்கி 20 நாட்களுக்குள் வீட்டுக்காரருக்கு முன்னறிவித்தல் அனுப்பியிருக்கவேண்டும். இதனை மிரட்டற் கடிதமென்று எண்ணி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவோர் பலர். உண்மையில், ஒப்பந்தக்காரரின் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று காட்டும் விளக்கு அது. அவ்வறிவித்தலே இல்லையெனின் பற்றுரிமை பெரும்பாலும் நில்லாது.

பதிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வழக்குத் தொடராவிட்டாலும், தவணை முறைப்படி நீட்டப்பட்டிருந்தாலொழிய, உரிமை செத்துவிடும். ஆனால் செத்த உரிமையும் பதிவேட்டில் படுத்தே கிடக்கும்! அதனை நீக்குமாறு கோரியவருக்கு எழுத்தில் அறிவித்து, 10 நாட்கள் பொறுத்து, பின் நீதிமன்றத்தில் மனுச்செய்யவேண்டும். வென்றவர் சட்டத்தரணிச் செலவையும் பெறலாம்.

உரிமை உயிரோடிருக்க வீட்டை உடனே விற்கவேண்டுமானால், கோரிய தொகையின் 125 சதவீதத்துக்குப் பிணைமுறி பதியலாம். அப்போது பற்று வீட்டை விட்டு அம்முறியின் மேல் ஏறிக்கொள்ளும். வழக்கை எதிர்த்தாடும் செலவு ஒப்பந்தக்காரருடையது. ஆயினும் அவர் முறிந்து போயிருந்தால் என்ன செய்வது? உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வைத்திருக்கும் பிணை 2023 முதல் 25,000 டொலர். அதன்மேல் பலரும் கைநீட்டக்கூடும்.

இத்தனை அலைச்சலையும் ஒரு காகிதம் தவிர்த்திருக்கும். ஒவ்வொரு தவணைப் பணமும் கொடுக்கும்போது உப ஒப்பந்தக்காரரிடமும் உரிமை விடுவிப்புச் சீட்டுக் கேட்கலாம். காசோலை மாறும்வரை நிபந்தனையுடனான சீட்டு, மாறியபின் நிபந்தனையற்றது. இருவர் பெயரையும் சேர்த்தெழுதிய காசோலையும் நல்ல வழி. கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் நேயர்கள் நினைப்பதுபோல் வேலை முடிந்துவிடுவதில்லை. கட்டளையின் அத்தாட்சிப் பிரதியை, பற்றுரிமை பதிந்த அதே பதிவகத்தில் அம்மையார் பதிவிக்க வேண்டும். வீட்டை வாங்க வருபவர் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது அதனைத்தான்.