முதலில் அளவு

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

ஹெல்மெட் வாங்கப் போகிறீர்களா? நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அளவு.

செருப்பு வாங்கும்போது காலில் போட்டு நாலடி நடந்து பார்க்கிறோம் இல்லையா? ஹெல்மெட்டும் அப்படித்தான். தலையில் மாட்டுங்கள். வாரைக் கட்டாமலே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ஆடி நழுவினால் அது உங்கள் அளவு இல்லை. அழுத்தி வலித்தாலும் உங்கள் அளவு இல்லை.

புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். பின்னந்தலைக்குத் தள்ளிப் போட்டால் நெற்றிக்குக் காவல் கிடையாது. தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும்.

கனமில்லாத ஹெல்மெட் காக்குமா என்று கேட்பீர்கள். காக்கும். உள்ளே இருப்பது தெர்மாகோல் போன்ற நுரை. விழும்போது அது நசுங்கி, அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது. காப்பது கனம் இல்லை, அந்த நுரைதான். காற்றுத் துளைகள் இருந்தால் வெயிலில் தலையும் புழுங்காது. ஆனால் மோட்டார் பைக்குக்கு இந்த சைக்கிள் ஹெல்மெட் போதாது.

ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம்.

வாங்கும்போது அளவு பாருங்கள். ஓட்டும்போது வாரைக் கட்டுங்கள்.